எண்ணும் தலையெழுத்தும்
பிள்ளைப்பருவப் பாதக அனுபவ ஆய்வு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலக்கிய விமர்சனம் என்றால் கவிதையையும் நாவலையும் சிறுகதையையும் எடைபோடுவதே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும் மனித வாழ்வு குறித்துப் பேசும் எழுத்து எதுவாயினும், அது யாரை நோக்கிப் பேசுகின்றது, எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என வினவும் உரிமை அதனைப் படிப்போருக்கு உண்டு. அவ்வகையில் ஆய்வாளர் தயாரிக்கும் வினாக்கொத்தும் ஓர் எழுத்தே. அதற்கும் ஆசிரியர் உண்டு. அது தோன்றிய சூழல் உண்டு. அதன் சொற்களுக்குப் பின்னால் வாழ்க்கை பற்றிய ஒரு நோக்கு உண்டு. குடித்தொகைச் சுகாதாரம், உளநோய், பிள்ளை வளர்ச்சி ஆகிய மூன்று துறைகளும் சந்திக்கும் இடத்தில் பெருஞ்செல்வாக்குப் பெற்றுள்ள ஒரு வினாக்கொத்தை இக்கண்ணோட்டத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவம் பயிலாத கலைப்பீட மாணவர் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். விடையாக ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூற வேண்டியுள்ளது. சிறுவர் உளநலம் பற்றிய தொண்டர் பயிற்சியொன்றில் நானும் சக மாணவி ஒருவரும் கலந்துகொண்டோம். பத்து வினாக்கள் அடங்கிய தாளொன்று அங்கு வழங்கப்பட்டது. பதினெட்டு வயது நிறைவதற்கு முன்னர் வீட்டில் நிகழ்ந்தவை பற்றிய வினாக்கள் அவை. ‘ஆம்’ என்னும் ஒவ்வொரு விடைக்கும் ஒரு புள்ளி. கூட்டுத்தொகையைப் பிறருக்குக் காட்டாது தம்மிடமே வைத்துக்கொள்ளுமாறு கூறினர். பின்னர் திரையில் ஒரு வரைபடம் காட்டப்பட்டது. புள்ளி ஏற ஏற, மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் இருதய நோயும் ஏறிச் செல்வதை அது காட்டிற்று. தேநீர் இடைவேளைக்குப் பின் அடுத்த விடயம் தொடங்கிவிட்டது. அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அம்மாணவி, “எனக்கு ஆறு வந்தது. அப்ப எனக்கு எழுதினது இதுதானோ?” என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அவரது இசைவுடனேயே இதனை இங்கு குறிப்பிடுகின்றேன். இக்கட்டுரை அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே எனலாம்.

ஆய்வின் தோற்றமும் பெறுபேறும்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனன்டே என்னும் மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தைச் சேர்ந்த வின்சன்ற் பெலிற்றி என்னும் வைத்தியர் 1980களின் நடுப்பகுதியில் உடற்பருமனைக் குறைக்கும் சிகிச்சைத் திட்டமொன்றை நடத்திவந்தார். திட்டத்தைவிட்டு இடையில் விலகியோரிற் பலர் உடல் எடையை வெற்றிகரமாகக் குறைத்துக் கொண்டிருந்தோராக இருந்தமை அவரை வியப்பில் ஆழ்த்திற்று. தோல்வியுற்றவர் விலகுவது இயல்பு. வெற்றி பெறுபவர் ஏன் விலக வேண்டும்? அவர்களை அழைத்து நெடுநேரம் உரையாடியபோது, அவர்களிற் பலர் பிள்ளைப்பருவத்திற் பாலியற் கொடுமைக்கு ஆளானோர் என்பது தெரியவந்தது. வைத்தியர் நோயாகக் கண்ட பருமனைச் சிலர் தமக்கு ஒரு காப்பாகக் கருதியிருந்தனர். மருத்துவர் ‘பிரச்சினை’ எனக் கண்டது நோயாளிக்குத் ‘தீர்வு’ ஆக இருந்தது. ஒரு மருத்துவர் தம் நோக்கைத் தாமே தலைகீழாகப் புரட்டிப் பார்த்த இவ்விடத்திலேயே இவ்வாய்வின் உண்மையான பெருமை தங்கியுள்ளது.

இதன் தொடர்ச்சியாக, ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையத்தைச் சேர்ந்த றொபேட் அண்டா என்பவரும் பெலிற்றியும் இணைந்து 1995 முதல் 1997 வரை இரு கட்டங்களில் 17,000 இற்கும் மேற்பட்ட வளர்ந்தோரிடம் தகவல் திரட்டினர். முதலாவது கட்டுரை 1998 இல் வெளிவந்தது. 13,494 பேருக்கு வினாக்கொத்து அஞ்சலில் அனுப்பப்பட, 9,508 பேர் விடையளித்திருந்தனர். உள, உடல், பாலியற் கொடுமைகள் மூன்று. தாய் தாக்கப்படுதல், வீட்டில் மதுவுக்கோ போதைக்கோ அடிமையானோர், உளநோயுற்றோர் அல்லது தற்கொலைக்கு முயன்றோர், சிறை சென்றோர் இருத்தல் ஆகிய நான்கு. ஆக ஏழு வகையான பாதக அனுபவங்கள் அக்கட்டுரையில் இடம்பெற்றன. உடற்புறக்கணிப்பு, உணர்வுப் புறக்கணிப்பு, பெற்றோர் பிரிவு ஆகியன பின்னர் சேர்ந்து பத்தாயின.

விடையளித்தோரில் அரைப்பங்கிற்கும் மேற்பட்டோர் ஒரு வகை அனுபவமாவது தமக்கு இருந்தது எனக் கூறினர். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைக் கூறியோரிடம் மதுவடிமை, போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான அபாயம், எதுவுமில்லை என்றோரைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்காக இருந்தது. இருதய நோய், புற்றுநோய், நீடித்த சுவாசநோய், ஈரல் நோய் ஆகியனவும் புள்ளியுடன் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தன. நடுத்தர வயதில் வரும் உடல்நோயின் வேர் பிள்ளைப்பருவத்து வீட்டிற்குள் இருக்கக்கூடும் என்பதும், உடல்நோயையும் உளநோயையும் வெவ்வேறு வாயில்களால் அனுப்பும் மருத்துவமுறை போதாது என்பதும் இதனால் எண்களின் துணையுடன் நிறுவப்பட்டன. இது சிறு பணியன்று. இதனை மறுப்பது என் நோக்கமுமன்று. ஆனால் ஓர் ஆய்வு கண்ட உண்மை வேறு. அவ்வுண்மை பயன்படுத்தப்படும் முறை வேறு. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு மறக்கப்படும்போதே விமர்சனத்திற்குத் தேவை ஏற்படுகின்றது.

வினாக்கொத்தை வாசித்தல்

முதலில் வினாக்கொத்தின் அமைப்பை நோக்குவோம். எல்லா வினாக்களுக்கும் ஒரே மதிப்பு. பெற்றோர் மணமுறிவு பெற்று அமைதியாகப் பிரிந்தாலும் ஒரு புள்ளி. பிள்ளை ஆண்டுக்கணக்காகப் பாலியற் கொடுமைக்கு ஆளானாலும் ஒரு புள்ளி. நான்கு வயதில் நிகழ்ந்ததும் பதினேழு வயதில் நிகழ்ந்ததும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. கொடுமை செய்தவர் யார், தடுத்தவர் எவரேனும் உண்டா, அழுதபோது அணைத்தவர் உண்டா என்பன கூட்டுத்தொகைக்குள் வருவதில்லை. கதையொன்றில் நிகழ்ச்சிகளை மட்டும் எண்ணிவிட்டு, அவற்றின் ஒழுங்கையும் அவற்றை அனுபவித்த பாத்திரத்தையும் விட்டுவிடும் வாசகனை நாம் நல்ல வாசகன் என்போமா?

எண்ணாது விடப்பட்டவற்றின் முக்கியத்தைக் காட்டும் ஆய்வும் உண்டு. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான காவாயில் 1955 ஆம் ஆண்டு பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்ணர், றூத் சிமித் ஆகியோர் பல தசாப்தங்கள் தொடர்ந்து நோக்கினர். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் உளநோய் எனப் பல இடர்கள் ஒருங்கே சூழப் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் திறமையும் அன்பும் வாய்ந்த வளர்ந்தோராயினர். அவர்களுக்குத் துணைநின்றவற்றுள் ஒன்று, பெற்றோரேயாயினும் பாட்டியாயினும் ஆசிரியராயினும், அப்பிள்ளையை நிலையாக ஏற்றுக்கொண்ட ஒரு மனிதரின் உறவு. பத்து வினாத் தாளில் அந்தப் பாட்டிக்கு இடமில்லை.

இரண்டாவதாக, இவ்வினாக்கள் வீட்டின் நான்கு சுவர்களைத் தாண்டுவதில்லை. சான் டியேகோ மாதிரியில் இடம்பெற்றோர் பெரும்பாலும் வெள்ளையர், கல்வி பெற்றோர், மருத்துவக் காப்புறுதி உடையோர். வறுமை, நிறவெறி, வேலையின்மை, பாதுகாப்பற்ற தெரு ஆகியவை அவ்வினாக்கொத்தில் இல்லை. இதனால் விளையும் கருத்துநிலை கவனத்திற்குரியது. தந்தை குடிக்கிறார் என்பது எண்ணப்படுகின்றது. அவர் தொழிலிழந்தார் என்பது எண்ணப்படவில்லை. தாய் மனச்சோர்வுற்றாள் என்பது பிள்ளைக்கு ஒரு புள்ளி. அவள் மூன்று பிள்ளைகளுடன் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டாள் என்பதற்குப் புள்ளியில்லை. சமூகம் இழைக்கும் தீங்குகள் குடும்பத்தின் குற்றங்களாக மட்டும் தோற்றமளிக்கின்றன. ஆய்வாளர் இதனை வேண்டுமென்று செய்தனர் எனக் கூறுவதற்கில்லை. ஆனால் கேட்கப்படாத கேள்வி இல்லாத பிரச்சினையாகி விடுகின்றது என்பது சமூக ஆய்வில் ஈடுபடுவோர் அனைவரும் மனங்கொள்ள வேண்டியதாகும்.

இக்குறையை உணர்ந்தே உலக சுகாதார நிறுவனம் பின்னர் சர்வதேச வினாக்கொத்தொன்றை உருவாக்கிற்று. சகபாடிகளின் துன்புறுத்தல், சமூக வன்முறை, போர் முதலிய கூட்டு வன்முறை ஆகியன அதிற் சேர்க்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. எனினும் வினாக்களைக் கூட்டுவதால் மட்டும், எண்ணிக்கையை எங்கே, எதற்குப் பயன்படுத்துவது என்னும் அடிப்படைக் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

நினைவும் பதிவும்

மூன்றாவது, நினைவு பற்றியது. 1998 ஆம் ஆண்டுக் கட்டுரை வளர்ந்தோரின் நினைவை ஆதாரமாகக் கொண்டது. ஐம்பது வயதில் ஒருவர் தம் ஐந்து வயதைப் பற்றிக் கூறுவதும், அவர் ஐந்து வயதில் இருந்தபோது ஒருவர் கண்டு பதிந்ததும் ஒன்றாகுமா? ஜெசி போல்ட்வினும் அவருடன் பணியாற்றியோரும் 2019 இல் 16 ஆய்வுகளை, 25,471 பேரின் தரவுகளை ஒருங்கே வைத்து இதனை ஆராய்ந்தனர். பிள்ளைப்பருவத்திலேயே கொடுமைக்குள்ளானதாகப் பதியப்பட்டோரில் 52 வீதத்தினர் வளர்ந்தபின் அதனைக் கூறவில்லை. வளர்ந்தபின் கூறியோரில் 56 வீதத்தினர் பற்றிப் பிள்ளைப்பருவப் பதிவு இருக்கவில்லை. அதாவது நினைவு காட்டும் கூட்டத்தினரும் பதிவு காட்டும் கூட்டத்தினரும் பெரும்பாலும் வெவ்வேறானோர்.

இதனைக் கொண்டு ‘நினைவு பொய்’ என முடிவு செய்வது அவசரமாகும். வீட்டிற்குள் நடப்பதைப் பதிவாளர் காண்பதில்லை. மூடிய கதவுக்குப் பின் நிகழ்ந்ததற்குப் பதிவு எங்கிருந்து வரும்? மறுபுறம், பட்டதைச் சொல்லாதிருப்பதற்கும் காரணங்கள் உண்டு: மறதி, வெட்கம், பெற்றவரைக் காட்டிக்கொடுக்க விரும்பாமை. சுயசரிதையைப் படிக்கும் இலக்கிய மாணவருக்கு இது புதிதன்று. நினைவு கடந்தகாலத்தின் பிரதியன்று. இன்றைய மனம் கடந்தகாலத்தோடு கொள்ளும் உறவு. ஆகவே புள்ளி என்பது நடந்ததை மட்டுமன்றி, நினைவு கூரப்பட்டதையும், சொல்லத் துணிந்ததையும் சேர்த்தே அளக்கின்றது. இம்மூன்றையும் ஒரு தனியெண் வேறுபிரித்துக் காட்ட இயலாது.

கூட்டத்தின் உண்மையும் தனியாளின் விதியும்

இனி, என் தோழியின் கேள்விக்கு நேரடியாக வருவோம். நோய் மக்களிடையே பரவி நிற்கும் முறையை ஆராயும் துறையின் அறிஞரான ஜெப்ரி றோஸ் 1985 இல் எழுதிய கட்டுரையில் இரு கேள்விகளை வேறுபடுத்திக் காட்டினார். இந்த மனிதருக்கு இந்நோய் ஏன் வந்தது என்பது ஒன்று. இந்தச் சமூகத்தில் இந்நோய் ஏன் இவ்வளவு மிகுந்துள்ளது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குரிய விடை இரண்டாவதற்குப் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவதன் விடையும் முதலாவதற்கு அப்படியே பொருந்தாது. பாதக அனுபவ ஆய்வு இரண்டாவது கேள்விக்கு விடை கூறுவது. பயிற்சி அறையிலோ அது முதற் கேள்வியின் விடையாக வழங்கப்பட்டது.

1998 ஆம் ஆண்டுக் கட்டுரையின் எண்களையே எடுத்து இதனை விளக்கலாம். புள்ளி எதுவுமில்லாதோரில் தற்கொலைக்கு எப்போதேனும் முயன்றோர் 1.2 வீதம், நான்கும் அதற்கு மேலும் பெற்றோரில் 18.3 வீதம். வேறுபாடு மிகப் பெரிது, கவலைக்குரியது. ஆயின் அதே எண்ணை மறுபுறமிருந்து படித்தால், நான்கும் அதற்கு மேலும் பெற்ற நூறு பேரில் எண்பத்தொருவருக்கு மேற்பட்டோர் அவ்வாறு முயலவில்லை. வினாக்கொத்துக்கு விடையளித்ததற்கு முந்திய ஓராண்டுக் காலத்தில் இரண்டு வாரமோ கூடவோ மனச்சோர்வுற்றிருந்ததாகக் கூறியோர், புள்ளியற்றோரில் 14.2 வீதம், நான்கும் மேலும் பெற்றோரில் 50.7 வீதம். இங்கும் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்நிலைக்கு ஆளாகவில்லை. திரையில் ஏறிச்சென்ற கோடு இவர்களைக் காட்டவில்லை. ‘பன்னிரண்டு மடங்கு’ என்ற சொல் காதில் விழும்போது, பெரும்பான்மையோர் தப்பினர் என்பது எவர் காதிலும் விழுவதில்லை.

இன்னுமொன்று. அந்தப் பகுப்பாய்வில் இடம்பெற்றோரில் ஏறத்தாழ அரைப்பங்கினர் புள்ளியற்றோர். நான்கும் மேலும் பெற்றோர் நூற்றுக்கு ஆறு, ஏழு பேரே. ஆயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டத்தை எண்ணிப் பார்ப்போம். ஏறத்தாழ ஐந்நூறு புள்ளியற்றோரில் எழுபது பேரளவில் மனச்சோர்வுற்றோர் இருப்பர். ஏறத்தாழ அறுபத்தைந்து உயர்புள்ளியாளரில் முப்பத்துமூன்று பேரளவிலேயே இருப்பர். உயர்புள்ளி பெற்றோரை மட்டும் தேடிச் சென்றால், துன்புறுவோரிற் பெரும்பகுதியினரை நாம் காணாமலே விடுவோம். றோஸ் சுட்டிக்காட்டிய முரண் இதுவே: குறைந்த அபாயமுடைய பெருங்கூட்டமே அதிக அபாயமுடைய சிறுகூட்டத்தைவிட மிகுதியான நோயாளரைத் தரக்கூடும்.

இது வெறுந் தருக்கமன்று, சோதித்தறியப்பட்டதும் ஆகும். போல்ட்வினும் பிறரும் 2021 இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைப்பருவத்திலிருந்து தொடரப்பட்ட இரு கூட்டத்தினரை எடுத்துக்கொண்டனர். ஒன்று, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995 ஆம் ஆண்டுகளிற் பிறந்த 2,232 இரட்டைப் பிள்ளைகள். மற்றையது, நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 ஆம் ஆண்டுகளிற் பிறந்த 1,037 பேர். கூட்டமாக நோக்குமிடத்துப் புள்ளி உயர்ந்தோரிடம் நோயும் உயர்ந்தே இருந்தது. ஆனால் தனியொருவரின் புள்ளியைக் கொண்டு அவர் பிற்காலத்தில் நோயுறுவாரா என முன்னறிய முயன்றபோது, கணிப்பின் திறன் பெரும்பாலும் 0.6 என்னும் அளவை அண்டியோ அதற்குக் கீழாகவோ நின்றது. இவ்வளவையில் 1 என்பது தவறாத கணிப்பு, 0.5 என்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஒரு மாணவியின் எதிர்காலம் பற்றி அத்தாள் கூறக்கூடியது, நாணயம் கூறுவதைவிடச் சிறிதே மேலானது என்பது இதன் பொருள்.

மூல ஆய்வை நடத்தியோருள் ஒருவரான அண்டாவே 2020 இல் வேறிருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இத்தகைய பயன்பாட்டை எதிர்த்தார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. இப்புள்ளி கரடுமுரடான ஓர் அளவை. இரத்த அழுத்தத்தைப் போன்று நியமப்படுத்தப்பட்டதன்று. தனியாளின் அபாயத்தைத் தீர்மானிக்கும் பரிசோதனையாக இதனைக் கொள்ளலாகாது என்பது அவர்களின் நிலைப்பாடு. தம் நூலுக்கு எழுந்த தவறான வாசிப்பை ஆசிரியரே மறுப்பது போன்றது இது. ஆயினும் அதே 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குறைந்த வருமானம் உடையோருக்கான கலிபோர்ணியா அரச காப்புறுதித் திட்டத்தில், பிள்ளைகளிடமும் வளர்ந்தோரிடமும் இவ்வனுபவங்களைக் கேட்டறியும் வைத்தியர்களுக்கு ஒரு தடவைக்கு 29 டொலர் வழங்கும் ஏற்பாடு தொடங்கப்பெற்றது.

இதற்கு ஆதரவாகக் கூறப்படும் வாதத்தையும் நேர்மையுடன் எடுத்துரைக்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. வைத்தியர் கேட்பதே மௌனத்தை உடைக்கும். சொன்னதே சிலருக்கு ஆறுதல் என்பர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. பெலிற்றியின் கண்டுபிடிப்பும் கேட்டதனாலேயே கிடைத்தது. ஆனால் அவர் நோயாளருடன் அமர்ந்து உரையாடினார். கூட்டல் கணக்குச் செய்யவில்லை. உரையாடலில் ஒருவர் தம் கதையைத் தாமே சொல்கின்றார். தாளில் அவருடைய கதை பிறரால் முன்னமே எழுதப்பட்ட பத்து வாக்கியங்களாகச் சுருங்குகின்றது. கேட்டபின் உதவி உண்டா என்பதும் கேள்வியே. துணைநிற்பதற்கு ஆளில்லாத இடத்தில், புள்ளியை மட்டும் கையிற் கொடுத்து அனுப்புவது எவ்வகையிலும் நியாயமாகாது.

போர் நுழைந்த வீடு

சான் டியேகோவில் பிறந்த வினாக்கொத்தின் எல்லை, நமது நாட்டின் அனுபவத்தோடு வைத்து நோக்கும்போது தெளிவாகின்றது. வீட்டில் ஒருவர் சிறை சென்றாரா, பெற்றோர் பிரிந்தனரா என அது கேட்கின்றது. தந்தை காணாமலாக்கப்பட்ட பிள்ளை எந்தக் கட்டத்தில் அடையாளமிடும்? அது சிறையுமன்று, மணமுறிவுமன்று, மரணமென்று உறுதியுமில்லை. பத்து வினாக்களுக்கும் ‘இல்லை’ என விடையளித்து, புள்ளி பூச்சியத்துடன் அப்பிள்ளை வெளியே வரக்கூடும்.

இலங்கையின் வடக்குக் கிழக்கில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரிடம் நடத்தப்பட்டு, கிளவுடியா கற்றானி முதலியோரால் 2008 இல் வெளியிடப்பட்ட ஆய்வு இவ்விடத்திற் பெறுமதி வாய்ந்தது. போர், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, குடும்ப வன்முறை ஆகிய மூன்றையும் அது ஒருங்கே நோக்கிற்று. போர்சார்ந்த நிகழ்ச்சி ஒன்றையேனும் அனுபவித்தோர் 82.4 வீதம். வீட்டிற்குள் கொடுமையான அனுபவம் ஒன்றையேனும் கூறியோர் 95.6 வீதம். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 30.4 வீதத்தினரிடமும், பெரும் மனச்சோர்வு 19.6 வீதத்தினரிடமும் காணப்பட்டன. தந்தையின் மதுப்பழக்கம் பிள்ளை வீட்டிற் படும் கொடுமையுடன் தொடர்புற்றிருந்தது. வெவ்வேறு நெருக்கீடுகள் கூடக்கூட மனவடுவும் கூடிற்று.

இவ்வெண்கள் இரு தரப்பினருக்கும் சங்கடம் தருவன. துன்பம் அனைத்தும் வெளியிலிருந்து வந்ததே என எண்ணிக்கொண்டு வீட்டிற்குள் நடப்பதைப் பேச மறுக்கும் நமக்கு, ‘95.6’ என்பது கசப்பான எண். சமூகத்தை விட்டுக் குடும்பத்தை மட்டும் நோக்குவோருக்கு ‘82.4’ உம் அவ்வாறே. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே உண்மை புலனாகும். போர் வீட்டிற்கு வெளியே நின்றுவிடவில்லை; அது வீட்டிற்குள் நுழைந்து, தந்தையின் குடியாகவும் தாயின் மௌனமாகவும் பிள்ளையின் முதுகில் விழும் அடியாகவும் உருமாறக்கூடியது. அதேவேளை, போருக்கு முன்னரும் பின்னரும் வீட்டிற்குள் அடி இருந்தே வந்தது என்பதையும் மறைக்கலாகாது. 2009 இல் போர் முடிவுற்றமையால் அது நின்றுவிட்டது என எவரும் கூறார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் தமது எழுத்துக்களில் ‘கூட்டு மனவடு’ என்னும் கருத்தை வற்புறுத்தி வந்துள்ளார். போரும் இடப்பெயர்வும் தனியாட்களை மட்டுமன்றி, குடும்பம், அயல், ஊர் என்னும் உறவு வலையையே காயப்படுத்துகின்றன; ஒருவரிலொருவர் கொண்ட நம்பிக்கை குலைகின்றது; சந்தேகமும் வாய்மூடலும் வாழ்க்கைமுறையாகின்றன என்பது அவர் காட்டும் படம். இக்காயத்தை ஆளுக்காள் எண்ணிக் கூட்டிக் காண முடியாது. நூறு பிள்ளைகளின் புள்ளிகளைக் கூட்டினால் ஓர் ஊரின் காயம் கிடைத்துவிடாது. ஒழுங்கையில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவி இன்று அங்கில்லை என்பது எந்தப் பிள்ளையின் தாளிலும் எழுதப்படுவதில்லை.

முறையீடு யாரிடம்?

அவ்வாறாயின் இவ்வாய்வுகளை ஒதுக்கிவிடுவதா? அல்ல. இவற்றின் எண்கள் பேசவேண்டிய இடம் உண்டு. அவ்விடத்தில் அவை உரக்கப் பேச வேண்டும். ஒரு சமூகத்தில் அரைப்பங்கினர் பிள்ளைப்பருவத்தில் ஏதோவொரு கொடுமையைக் கண்டனர் என்பது அரசுக்கும் பாடசாலைக்கும் சுகாதாரத் திணைக்களத்திற்கும் முகவரியிடப்பட்ட கடிதம். மதுவிற்பனை, குடும்ப வருமானம், பாடசாலையில் அடி, கர்ப்பிணித் தாயின் உளநலம், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் வேலைப்பளு, மாவட்டத்திற்குரிய உளமருத்துவர் எண்ணிக்கை ஆகியவை பற்றி முடிவெடுப்போர் இவ்வெண்களைப் படிக்க வேண்டும். ஒரு பிள்ளையையும் தேடிப்பிடித்துப் பெயர் சூட்டாமலே, எல்லாப் பிள்ளைகளின் சுமையையும் சற்றுக் குறைக்கும் வழி அது. றோஸ் கூறிய வழியும் அதுவே. அக்கடிதத்தை உரியவரிடம் சேர்க்காது, பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடுவதே நான் கண்ட தவறு.

‘தலையெழுத்து’ என்னும் சொல் நம் பண்பாட்டில் ஆழ வேர்கொண்டது. பழைய தலையெழுத்தைப் பிரமன் எழுதினான் என்றனர். அதனை எவரும் படித்ததில்லை. புதிய தலையெழுத்தை ஒரு வினாக்கொத்து எழுதுகின்றது. அது படிக்கக்கூடியதாயும், விஞ்ஞானம் என்னும் மதிப்புடையதாயும் இருப்பதால் மேலும் ஆபத்தானது. ஆனால் ஊழைத் தன் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்றாகக் கொண்ட சிலப்பதிகாரத்திலேயே, கணவனை இழந்த கண்ணகி ஊழிடம் சென்று முறையிடவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் சிலம்பைக் கையிலேந்தி அரசவைக்குச் சென்றாள். நடந்த தீங்கிற்குப் பொறுப்புக் கூற வேண்டியவர் யார் என்பதை அவள் அறிந்திருந்தாள். எண்களைக் கையிலேந்திய ஆய்வாளரும் அவ்வழியே செல்ல வேண்டும்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் இவ்வாய்வுகளைத் தேடிப் படித்து, அவற்றின் சாரத்தை அம்மாணவியிடம் கூறினேன். பாதிக்கு மேற்பட்டோர், நூற்றில் எண்பத்தொருவர், நாணயம் சுண்டுதல் என அனைத்தையும் பொறுமையுடன் கேட்டார். பின்னர், “அண்டைக்கு அந்த வகுப்பிலயே இதையும் சொல்லியிருக்கலாம்தானே” என்றார். இந்த ஆய்வுமுறை பற்றிய என் விமர்சனம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கும். பிள்ளைகளுடன் பணியாற்றப் போகும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் சமூக ஊழியர்களும் நம் பல்கலைக்கழகங்களிலிருந்தே வெளியேறுகின்றனர். ஓர் எண்ணைப் பிறர் கையிற் கொடுக்குமுன், அது எதனைக் கூறவில்லை என்பதையும் சேர்த்துக் கூறும் கடமை அவர்களுக்கு உண்டு.